சாண்டா மோனிகா விமானத் திடல்: 2028க்குப் பிறகு அந்த 227 ஏக்கரை என்ன செய்யலாம்?

2028 டிசம்பர் 31 தாண்டிவிட்டால் சாண்டா மோனிகா நகரம் தன் விமானத் திடலை இழுத்து மூடிவிடலாம். 2017 ஜனவரியில் நகரமும் எஃப்.ஏ.ஏ. என்கிற மத்திய விமானத் துறையும் நீதிமன்றம் மூலமாகச் செய்துகொண்ட உடன்பாடு அது. பல பத்தாண்டுகளாக இழுத்துக்கொண்டே போன வழக்குகள் அதோடு ஒரு முடிவுக்கு வந்தன. மூடலாமா கூடாதா என்ற சண்டை அடங்கிவரும்போதே, மூடிய பிறகு என்ன என்ற சண்டை ஆரம்பித்துவிட்டது. எனக்கு அதுதான் பெரிதாகப் படுகிறது, ஏனென்றால் கடற்கரையிலிருந்து இரண்டே மைலில் 227 ஏக்கர் நிலம், மொத்தமாக ஒரு நகராட்சியின் கையில், லாஸ் ஏஞ்சலஸின் மேற்குப் பக்கத்தில் இனி யாருக்கும் கிடைக்கப் போவதில்லை. சென்னைக்காரர்களுக்குப் புரிகிற மாதிரி சொன்னால், கிண்டி ரேஸ் கோர்ஸ் நிலம் 160 ஏக்கர் சொச்சம், இது அதில் கிட்டத்தட்ட ஒன்றரை மடங்கு.

நான் இந்த ஊரில் வாடகை வீட்டில் இருக்கிறவன், ஓட்டும் இங்கேதான். அதனால் முன்னால் இருக்கிற வழிகளை ஒவ்வொன்றாக, இதே நிலைமையில் வேறு ஊர்கள் என்ன செய்தன என்பதோடு வைத்துப் பார்க்கிறேன்.

முதலில் சட்டம் எங்கே நிற்கிறது என்பது. 2014 நவம்பரில் ‘எல்.சி.’ என்ற பிரேரணைக்கு இங்கே சுமார் 60 சதவீதம் பேர் ஆதரவாக ஓட்டுப் போட்டார்கள். விமானத் திடல் மூடப்பட்டால் அந்த நிலத்தில் பூங்கா, திறந்தவெளி, பொழுதுபோக்கு வசதி தவிர புதிதாக வேறு எதுவும் கட்டக் கூடாது, கட்ட வேண்டுமென்றால் மறுபடி வாக்காளர்களிடம் வர வேண்டும் என்று அது சொல்கிறது. ஏற்கெனவே இருக்கிற கலைக்கூடங்கள், கல்வி இடங்கள் போன்றவை தொடரலாம். ஆக நகரசபை நினைத்தாலும் தன்னிச்சையாக வீடு கட்ட முடியாது, நம்மைக் கேட்டாக வேண்டும்.

சரி, இந்தத் திடலுக்கு ஒரு வரலாறு இருக்கிறது, அதைச் சொல்லாமல் போனால் பைலட்டுகளுக்கு அநியாயம். முதல் உலகப் போரில் உயிர்விட்ட ஒரு விமானியின் நினைவாக க்ளோவர் ஃபீல்ட் என்று பெயர் வைத்தார்கள். 1924இல் உலகத்தை முதன்முதலாக வானில் சுற்றிவந்த விமானங்கள் டக்ளஸ் என்ற நிறுவனம் இந்த ஊரில் செய்தவை. டி.சி.-3 என்ற புகழ்பெற்ற விமானம் 1935 டிசம்பர் 17 அன்று முதல் தடவை எழும்பியது இதே ஓடுபாதையில்தான். இரண்டாம் உலகப் போரின்போது டக்ளஸ் தொழிற்சாலையின் கூரைக்கு மேல் கோழிக்கூட்டுக் கம்பிவலையும் சாக்குத்துணியும் விரித்து, பொய் வீடு, பொய் மரம், பொய்த் தெரு என்று ஒரு குடியிருப்பையே செட் போட்டு வைத்திருந்தார்கள், மேலேயிருந்து பார்க்கிற எதிரிக்குத் தொழிற்சாலை இருப்பது தெரியாமல் இருக்க. அந்தத் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர்களுக்காக எழுந்த நிஜ வீடுகள்தான் இன்று திடலைச் சுற்றி நெருக்கமாக நிற்பவற்றில் பல. 1970களில் தொழிற்சாலை போய்விட்டது, வீடுகள் இருக்கின்றன, திடல் பொழுதுபோக்குப் பைலட்டுகளுக்கும் விமானப் பயிற்சிப் பள்ளிகளுக்கும் பணக்காரர்களின் சின்ன ஜெட்டுகளுக்குமான இடமாக மாறிப்போனது.

கிழக்கே பண்டி டிரைவ் சாலையில் நின்று பார்த்தால் நிலைமை உடனே விளங்கும். தரையிறங்குகிற விமானம் சாலைக்கு மேலே, அதன் சக்கரத்தின் ரப்பர் தேய்மானம்கூடத் தெரிகிற உயரத்தில் கடந்து போகும். ஓடுபாதையைக் குறைப்பதற்கு முன் அதன் நுனிக்கும் வீட்டுக் கொல்லைக்கும் இடையில் சுமார் 300 அடிதான் இருந்தது. 2017 டிசம்பரில் ஓடுபாதையை கிட்டத்தட்ட 5,000 அடியிலிருந்து 3,500 அடியாகக் குறைத்த பிறகு ஜெட் போக்குவரத்து பெருமளவு குறைந்தது. சத்தம் குறைந்தது, ஆனால் எரிபொருள் பிரச்சினை குறையவில்லை.

அதைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். காருக்குப் போடுகிற பெட்ரோலில் ஈயம் கலப்பதை அமெரிக்கா 1996இலேயே முற்றாக நிறுத்திவிட்டது. பிஸ்டன் என்ஜின் உள்ள சிறு விமானங்களில் பெரும்பாலானவை இன்னும் ஈயம் கலந்த பெட்ரோலைத்தான் எரிக்கின்றன. நம்மவர்கள் நிறையப் பேர் இருக்கிற சான் ஹோசேயில் ரீட்-ஹில்வியூ என்று இதே மாதிரி ஒரு சின்ன விமானத் திடல் உண்டு. அதைச் சுற்றி வசிக்கிற குழந்தைகளின் ரத்தப் பரிசோதனைகளை மாவட்ட நிர்வாகம் ஆய்வுக்குக் கொடுத்தது, 2021இல் முடிவு வந்தது: திடலுக்கு அரை மைலுக்குள் இருக்கிற குழந்தைகளிடம் ஈய அளவு கூடுதல், காற்று வீசுகிற திசையில் இருப்பவர்களிடம் இன்னும் கூடுதல். 2022 ஜனவரி முதல் அங்கே ஈய எரிபொருள் விற்பனையை நிறுத்திவிட்டார்கள். கலிபோர்னியா மாநிலம் முழுக்க 2031இல் அந்த விற்பனை நிற்கப் போகிறது. இந்தச் செய்தியைப் படித்த பிறகு, திடலை அப்படியே வைத்துக்கொள்ளலாம் என்பவர்களோடு எனக்கு ஒத்துப்போகவில்லை.

ஆனால் அவர்கள் சொல்வதில் ஒரு விஷயம் மனதில் தைக்கிறது. 1994 நார்த்ரிட்ஜ் நிலநடுக்கத்தில் சாண்டா மோனிகா ஃப்ரீவேயின் பாலங்கள் சில இடிந்து விழுந்தன. அந்த மாதிரி ஒரு நாள் மறுபடி வந்தால் மருந்தும் ஆட்களும் வந்திறங்க ஒரு ஓடுபாதை இருப்பது நல்லதுதானே என்கிறார்கள். நியாயம்தான். ஆனால் நிவாரணத்துக்கு வேண்டியது வெட்டவெளி, ஹெலிகாப்டர் இறங்கக் கூடிய, கூடாரம் போடக் கூடிய, லாரி வந்து நிற்கக் கூடிய தட்டையான இடம். அதற்காக வருஷம் 365 நாளும் தலைக்கு மேல் ஈயப் புகை தேவையில்லை. பயிற்சிப் பள்ளிகளுக்கும் ஹாதார்ன், டாரன்ஸ், வான் நைஸ் என்று பக்கத்திலேயே இடங்கள் உண்டு. இடம் மாறுவது அவர்களுக்குக் கஷ்டம், செலவும் கூட, அதை நகரம் முன்கூட்டியே பேசித் தீர்த்து வைக்க வேண்டும். அதோடு, திடலை அப்படியே வைத்துக்கொள்வது என்ற முதல் வழி என் வரையில் முடிந்தது.

மூடுவதிலும் ஒரு முறை இருக்கிறது. சிகாகோவில் மிஷிகன் ஏரியை ஒட்டி மெக்ஸ் ஃபீல்ட் என்று ஒரு திடல் இருந்தது. 91 ஏக்கர், ஏரியில் மண் கொட்டி உண்டாக்கிய நிலம், 1948இல் திறந்தது, ஒற்றை ஓடுபாதை. மைக்ரோசாஃப்டின் விமான விளையாட்டை அந்தக் காலத்தில் கம்ப்யூட்டரில் ஓட்டியவர்கள் எல்லோரும் முதலில் எழும்பிய இடம் அதுதான். ஊரில் இருந்துகொண்டு அமெரிக்காவைக் கண்ணால் பார்க்காமலே அந்த ஓடுபாதையை மனப்பாடமாகத் தெரிந்து வைத்திருந்தவர்கள் நம்மிலேயே நிறைய. மேயர் ரிச்சர்ட் டேலி அதைப் பூங்காவாக்க வேண்டும் என்று வெகுநாளாகச் சொல்லிவந்தார். 1996இல் மூடினார், மாநில அரசு தலையிட்டு 1997இல் திறக்க வைத்தது. 2001இல் ஒரு சமரசம் பேசினார்கள், அதற்குத் தேவையான மத்திய சட்டம் நிறைவேறவில்லை. 2003 மார்ச் 30 நள்ளிரவில் மேயர் புல்டோசர்களை அனுப்பி ஓடுபாதையின் குறுக்கே பெரிய பெரிய பெருக்கல் குறிகளாகத் தோண்டிப் போட்டுவிட்டார். விடிந்து பார்த்தால் 16 விமானங்கள் உள்ளே மாட்டிக்கொண்டு நின்றன, பிறகு பக்கத்து டாக்ஸிவே (ஓடுபாதைக்கு விமானம் உருண்டு போகிற பாதை) வழியாக அவற்றைப் பறக்க அனுமதித்தார்கள். நகரம் 33,000 டாலர் அபராதம் கட்டியது, மத்திய அரசின் விமானத் திடல் நிதியில் 10 லட்சம் டாலரைத் திருப்பிக் கொடுத்தது.

நிலம் பொதுமக்களுக்கு வர வேண்டும் என்பதில் நான் டேலி பக்கம்தான். வந்த விதம்தான் தப்பு. யாரையும் கேட்காமல் ராத்திரியோடு ராத்திரியாக எடுத்ததால் அங்கே என்ன வர வேண்டும் என்ற பேச்சே ஒழுங்காக நடக்கவில்லை. முதலில் வந்தது 2005இல் ஒரு கச்சேரி அரங்கு, தற்காலிகம் என்று சொல்லித்தான் கொண்டுவந்தார்கள், பிறகு அது வளர்ந்து 30,000 பேர் கூடுகிற இடமானது. தெற்குப் பக்கம் 40 ஏக்கர் இயற்கைப் பூங்கா, புல்வெளியும் குளமும் நடைபாதையுமாக, 2015இல்தான் திறந்தது. புல்டோசர் போய்ப் பன்னிரண்டு வருஷம் கழித்து. அப்புறம் ஏரி அலைகள் அந்த நடைபாதையையும் அரிக்க ஆரம்பித்தன. அங்கே போனவர்கள் இடம் அழகு என்றுதான் சொல்கிறார்கள், கோடைக் கச்சேரி ராத்திரிகளில் பூங்காவின் அமைதி என்ன ஆகிறது என்பதை யோசித்துக்கொள்ளுங்கள். சாண்டா மோனிகாவிலும் இப்படி ஒரு ஆசை உண்டாகலாம். பார்க்கர் ஹாங்கர் என்ற பழைய விமானக் கொட்டகை ஏற்கெனவே விழாக்களுக்கு வாடகைக்குப் போகிறது, வருமானம் வருகிறது என்று பெரிய திறந்தவெளி அரங்கு ஒன்றைப் பக்கத்தில் கொண்டுவந்தால் விமானச் சத்தத்துக்குப் பதில் ஸ்பீக்கர் சத்தம், அவ்வளவுதான் வித்தியாசம்.

பெர்லின் செய்தது இதற்கு நேர் எதிர். டெம்பல்ஹோஃப் பொழுதுபோக்குத் திடல் இல்லை, 1948-49இல் சோவியத் முற்றுகையின்போது மேற்கு பெர்லினுக்கு உணவும் நிலக்கரியும் விமானத்தில் வந்திறங்கிய இடம். 2008 அக்டோபர் இறுதியில் மூடினார்கள், 2010 மே மாதம் வேலியின் கதவுகளைத் திறந்து மக்களை உள்ளே விட்டார்கள். அவ்வளவுதான் செய்தார்கள்! சுமார் 750 ஏக்கர் வெட்டவெளி, ஏறக்குறைய 2 கிலோமீட்டர் நீளத்துக்கு இரண்டு ஓடுபாதைகள், அவற்றின் மேல் வெள்ளைக் கோடுகள் அப்படியே. ஒருமுறை அங்கே போய் அந்தக் கோட்டின் மேலேயே நடந்து பார்த்தேன். சக்கரப் பலகையில் பாய் கட்டிக் காற்றில் வழுக்கிக்கொண்டு போகிறவர்கள், பின்னால் அப்பா பிடித்துக்கொண்டு ஓட சைக்கிள் பழகுகிற குழந்தைகள், பட்டம், ஒரு மூலையில் பழைய மரப்பலகைகளில் மண் நிரப்பித் தக்காளியும் கீரையும் வளர்க்கிற அக்கம்பக்கத்தார். புல்வெளியின் பெரும்பகுதியைச் சுற்றி நாடா கட்டி வைத்திருந்தார்கள், தரையில் கூடு கட்டுகிற வானம்பாடிகளுக்காக. அந்தப் பருவத்தில் அங்கே கால் வைக்கக் கூடாது, நாயையும் விடக் கூடாது. இதில் எதையும் ஒரு கட்டடக் கலைஞர் வரைந்து கொடுக்கவில்லை, இடம் கிடைத்ததும் மக்களாகக் கண்டுபிடித்துக்கொண்டது.

2014இல் பெர்லின் அரசு திடலின் ஓரங்களில் மட்டும் 4,700 வீடுகள் போலக் கட்டலாம் என்று திட்டம் போட்டது. மக்கள் பொதுவாக்கெடுப்புக்குப் போய், 64.3 சதவீதம் பேர் ஒரு செங்கல்கூட வேண்டாம் என்று தடுத்துவிட்டார்கள். அதற்குப் பிறகு பெர்லினில் வாடகை எப்படி ஏறியது என்பது அங்கே இருக்கிற எல்லோருக்கும் தெரியும். அதனால் ஓரத்தில் கட்டலாமா என்ற கேள்வி திரும்பத் திரும்ப மேலே வருகிறது. இந்த இடத்தில் எனக்கே இரண்டு மனம். அந்தத் திடலில் நடந்தபோது ஒரு அங்குலமும் போகக் கூடாது என்றுதான் தோன்றியது. மாதம் பிறந்தால் வாடகை கட்டுகிற ஆளாக யோசித்தால், மக்களுக்கு அரசின் மேல் நம்பிக்கை இருந்திருந்தால் ஓரத்து வீடுகளுக்கு ஒப்புக்கொண்டிருப்பார்கள் என்று தோன்றுகிறது. ஓரம் என்று ஆரம்பித்து நடுவுக்கு வந்துவிடுவார்கள் என்ற பயம்தான் பலரையும் எதிர்த்து ஓட்டுப் போட வைத்தது.

சான் பிரான்சிஸ்கோவின் க்ரிஸி ஃபீல்டை நம்மவர்களில் பலர் பார்த்திருப்பீர்கள், ஊரிலிருந்து அப்பா அம்மா வந்தால் கோல்டன் கேட் பாலத்தைக் காட்டக் கூட்டிப் போகிற அதே புல்வெளி. 1921இல் ராணுவ விமானத் திடலாக ஆரம்பித்து 1974இல் மூடப்பட்டது. அதற்கும் முன்னால் அது கடல்நீர் ஏறி இறங்கும் சதுப்பு நிலம், மண் கொட்டி மூடியிருந்தார்கள். 1990களின் கடைசியில் தேசியப் பூங்காத் துறை கான்கிரீட்டையும் தாரையும் பெயர்த்து, கெட்டுப்போன மண்ணை அள்ளி வெளியேற்றி, சுமார் 20 ஏக்கர் சதுப்பைத் திரும்பத் தோண்டி, 2001இல் திறந்தது. 1920களின் புல் ஓடுபாதை இருந்த 28 ஏக்கரை அதே வடிவில் புல்வெளியாகவே வைத்தது எனக்கு மிகவும் பிடித்த விஷயம், இங்கே என்ன இருந்தது என்று நிலமே சொல்லும். செலவில் பெரும்பங்கு நன்கொடை. கொக்கும் நாரையும் திரும்பி வந்திருக்கின்றன. இந்த வழியில் சாண்டா மோனிகாவுக்கு இருக்கிற சிக்கல், இங்கே திரும்பக் கொண்டுவர ஒரு சதுப்பு இல்லை, இது மேட்டு நிலம். ஆனால் மண்ணைச் சுத்தம் செய்வதில் பாடம் அப்படியே பொருந்தும். நூறு வருஷம் விமானம் செய்து, கழுவி, எண்ணெய் ஊற்றிய நிலம் இது. குழந்தைகளை விளையாட விடுவதற்கு முன் எந்த இடத்தில் என்ன இருக்கிறது என்று தோண்டிப் பார்த்தே ஆக வேண்டும், அதற்கு ஆகிற செலவை ஆரம்பத்திலேயே கணக்கில் எழுத வேண்டும்.

இனி வீடு. இதில்தான் எனக்கு நேரம் அதிகம் போனது.

சாண்டா மோனிகா 2021 முதல் 2029 வரையிலான காலத்துக்கு 8,895 வீடுகளுக்கு இடம் ஒதுக்கிக் காட்ட வேண்டும் என்று மாநிலத் திட்டம் சொல்கிறது, அதில் பெரும்பங்கு குறைந்த, நடுத்தர வருமானக்காரர்களுக்கு. இந்த ஊர் பள்ளியில் பாடம் நடத்துகிற ஆசிரியரும் ஆஸ்பத்திரி நர்ஸும் தினமும் ஒரு மணி நேரம் ஃப்ரீவேயில் உட்கார்ந்துதான் வருகிறார்கள். அவர்களிடம் போய் 227 ஏக்கரும் புல்வெளிதான் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

டெக்சாஸில் ஆஸ்டின் நகரம் தன் பழைய மியூலர் விமான நிலையத்தை 1999இல் மூடியது. சுமார் 700 ஏக்கர். அக்கம்பக்கத்துக் குடியிருப்பாளர்கள் 1980களிலேயே அது மூடப்பட்டால் இப்படி இருக்க வேண்டும் என்று பேசத் தொடங்கியிருந்தார்கள், அதனால் மூடிய அடுத்த வருஷமே கையில் ஒரு திட்டம் இருந்தது. வீடு, குழந்தைகள் ஆஸ்பத்திரி, கடைகள், ஏறக்குறைய 140 ஏக்கர் பூங்கா. வீடுகளில் குறைந்தது 25 சதவீதம் வருமானம் குறைந்தவர்களுக்கு எழுதி வைத்தது, அந்த வீட்டை விற்றால் விலையேற்றத்தில் ஒரு பங்கு திட்டத்துக்கே திரும்பும். பழைய கன்ட்ரோல் டவரை இடிக்கவில்லை. பிரவுனிங் ஹாங்கர் என்ற மரவளைவுக் கொட்டகையின் சுவர்களை எடுத்துவிட்டு கூரையை மட்டும் வைத்தார்கள். பல வருஷம் ஞாயிற்றுக்கிழமைகளில் அதன் நிழலில் விவசாயிகள் சந்தை நடந்தது, பீச் பழக் கூடைகளுக்கு மேலே அண்ணாந்து பார்த்தால் அந்தப் பழைய மரச் சட்டங்கள் வில் மாதிரி வளைந்து நிற்பது தெரியும். மிச்சமிருக்கிற 75 சதவீத வீடுகள் எட்டாத விலைக்குப் போய்விட்டன என்பதையும் சொல்ல வேண்டும். ஆனாலும் நான் பார்த்த வரையில் விமானத் திடலை ஊராக்கியதில் இதுதான் ஒழுங்காக நடந்த ஒன்று.

டென்வரின் ஸ்டேபிள்டன் இன்னும் பெரியது, 4,700 ஏக்கர், 1995இல் மூடி, 2002 முதல் குடியேற்றம், ஓடுபாதைக் கான்கிரீட்டை உடைத்து மறுபடி பயன்படுத்திக்கொண்டார்கள். பழைய மேயரான ஸ்டேபிள்டன் கூ க்ளக்ஸ் க்ளான் என்ற வெள்ளை இனவெறி அமைப்பில் இருந்தவர் என்பதால் 2020இல் குடியிருப்பின் பெயரை சென்ட்ரல் பார்க் என்று மாற்றினார்கள். ஆனால் அத்தனை பெரிய நிலத்தின் அனுபவத்தை 227 ஏக்கரோடு ஒப்பிட்டால் கணக்கு தப்பிவிடும், அதனால் அதை விட்டுவிடுகிறேன்.

பக்கத்திலேயே இருக்கிற இர்வைனை விட முடியாது. எல் டோரோ என்ற மரைன் படை விமானத் தளம் 1999இல் மூடியது, 2002இல் மக்கள் ஓட்டுப் போட்டு அங்கே விமான நிலையம் வேண்டாம், பெரிய பூங்கா வேண்டும் என்றார்கள். 2005இல் கடற்படை நிலத்தை ஏலம் விட்டது, ஒரு வீட்டு நிறுவனம் 64.95 கோடி டாலருக்கு எடுத்தது, அதில் பூங்காவுக்கு என்று சுமார் 1,300 ஏக்கர் நகரத்துக்கு வந்தது. நியூயார்க் சென்ட்ரல் பார்க்கைவிடப் பெரிது என்று பேச்சு. 2007இல் ஆரஞ்சு நிறத்தில் ஒரு ராட்சத பலூன் வந்தது. 20 கோடி டாலருக்கு மேல் செலவான பிறகும் பூங்காவின் சொற்பப் பகுதிதான் பூங்காவாக இருந்தது, காசில் நிறைய திட்ட வரைபடங்களுக்கும் ஆலோசகர்களுக்கும் போனது. வீடு விற்கிற காசில் பூங்கா கட்டலாம் என்று உட்கார்ந்திருந்தார்கள், 2008இல் வீட்டுச் சந்தை விழுந்ததும் எல்லாம் நின்றது. இப்போது அங்கே விளையாட்டு மைதானங்கள் நன்றாக இருக்கின்றன, பிள்ளைகளை கால்பந்துக்குக் கூட்டிப் போகிற நம் குடும்பங்களுக்குத் தெரியும், ஆனால் ஒரு தலைமுறைக் குழந்தைகள் அதற்குள் வளர்ந்து காலேஜுக்குப் போய்விட்டார்கள். பிரமாண்டமான பூங்கா என்று யாராவது கணினிப் படம் காட்டினால் எனக்கு இர்வைன்தான் நினைவுக்கு வருகிறது.

ஓடுபாதையைக் கார் பந்தயத்துக்குக் கொடுப்பதும் ஒரு வழி. நம் சோழவரம் அப்படித்தான், இரண்டாம் உலகப் போர்க் காலத்து ஓடுபாதையில் 1950களிலிருந்து பந்தயம் நடந்தது, இருங்காட்டுக்கோட்டையில் 1990இல் தனிப் பந்தயத் தடம் திறந்த பிறகு அது முடிந்தது. மெட்ராஸிலிருந்து ஊர்க்கூட்டமாகப் போய்ப் பார்த்த அந்தத் தலைமுறைக்கு அது எவ்வளவு இனிய நினைவு என்று தெரியும். ஆனால் சோழவரத்தைச் சுற்றி அன்று வயல். இங்கே சுற்றி வீடு. பேச்சே இல்லை.

இதையெல்லாம் வைத்துப் பார்த்தால் எனக்குத் தெளிவாகத் தெரிவது இதுதான்: எதைத் திரும்பப் பெற முடியாதோ அதைக் கடைசியாகத் தொட வேண்டும். புல்வெளியாக விட்ட இடத்தில் பத்து வருஷம் கழித்து வீடு கட்டலாம். வீடு கட்டிய இடம் மறுபடி வெட்டவெளியாகாது. அதனால் 2029 ஜனவரியில் முதல் வேலையாக, பெர்லின் மாதிரி வேலியைத் திறந்து, ஓடுபாதையை அப்படியே நடக்கவும் சைக்கிள் ஓட்டவும் விட்டுவிட வேண்டும். அதற்கு முன் மண் பரிசோதனை முடிந்திருக்க வேண்டும், கெட்ட இடங்களை மட்டும் தனியாக அடைத்து வைக்கலாம். இதற்கு ஆகிற செலவு மற்ற எல்லா வழியையும்விடக் குறைவு, நகரத்தின் கஜானாவும் இப்போது ஒன்றும் நிரம்பி வழியவில்லை. நிலநடுக்கத்துக்கு வேண்டிய வெட்டவெளியும் இதில் கிடைத்துவிடுகிறது. மூன்று நான்கு வருஷம் மக்கள் எங்கே நடக்கிறார்கள், எங்கே உட்காருகிறார்கள், எங்கே நிழல் கேட்கிறார்கள் என்று பார்த்த பிறகு மரம் நட்டால் போதும். பார்க்கர் ஹாங்கரை பிரவுனிங் ஹாங்கர் மாதிரி சந்தைக்கும் ஊர் விசேஷங்களுக்கும் திறந்துவிடலாம்.

வீடு விஷயத்தில், வேண்டவே வேண்டாம் என்பவர்களோடும் நான் இல்லை, பாதி நிலத்தைக் கொடு என்பவர்களோடும் இல்லை. ஏர்போர்ட் அவென்யூவை ஒட்டி ஏற்கெனவே கட்டடமும் ஹாங்கரும் கார் நிறுத்துமிடமுமாக இருக்கிற ஓரத்தில் 40 ஏக்கர் எடுத்துக்கொள்வோம். ஏக்கருக்கு 50 வீடு வீதம் நாலைந்து மாடிக் கட்டடங்கள் வந்தால் 2,000 வீடு. புல்லாக இருக்கிற இடம் ஒரு அடியும் போகாது, 187 ஏக்கர் திறந்தே இருக்கும். 2,000 வீடு இந்த ஊரின் தேவையைத் தீர்க்காது என்பது தெரியும், ஆனால் அந்த ஆசிரியர், அந்த நர்ஸ் மாதிரி 2,000 குடும்பம் வேலைக்கு நடந்தே போகிற தூரத்தில் இருக்கும்.

இதற்கு மறுபடி வாக்கெடுப்பு வர வேண்டும், வந்தால் நான் அந்தச் சீட்டில் தேடப் போவது சில விஷயங்கள். 40 ஏக்கர் என்ற எல்லை வரைபடத்தோடு சட்டத்தில் எழுதியிருக்க வேண்டும், ‘சுமார்’ ‘தேவைக்கேற்ப’ என்ற சொற்கள் இல்லாமல். மியூலரில் 25 சதவீதம், இங்கே நிலம் நகரத்தினுடையது, நிலத்துக்கு விலை கொடுக்க வேண்டியதில்லை என்பதால் பாதிக்கு மேல் வீடுகள் குறைந்த வருமானக்காரர்களுக்கு என்று இருக்க வேண்டும். பூங்காவின் பராமரிப்புச் செலவு வீடு விற்கிற காசை நம்பி இருக்கக் கூடாது, இர்வைனில் பட்டது போதும். நிலம் குத்தகைக்குத்தான் போக வேண்டும், குத்தகை முடிந்தால் நகரத்திடமே திரும்ப வேண்டும். இவை இருந்தால் என் ஓட்டு ஆதரவாக விழும், தெருவில் இறங்கி மற்றவர்களிடமும் கேட்பேன். நிலத்தில் ஒரு ஏக்கரை விற்கலாம் என்று ஒரு வரி எங்கேயாவது ஒளிந்திருந்தாலும், மற்றது எல்லாம் எவ்வளவு நன்றாக இருந்தாலும், எதிர்த்துத்தான் போடுவேன்.